மலைக்கு வழி கேட்டவள்

சுற்றுலா போவதைப் பற்றி இனிக்க இனிக்க எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் எந்த ஊர் லாட்ஜில் தங்குகிறார்களோ, அந்த விலாசத்தை ஒரு தடவையாவது எழுதித் தொலைக்கலாம். நான் தங்கிய லாட்ஜ்களில் வாளி இருந்தால் மக் இருக்காது. இரண்டும் இருந்தால் தண்ணீர் இருக்காது. தலையணை உறையில் முந்தின நாள் படுத்தவனின் தலையெண்ணெய் இருக்கும். பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் இருக்கும். சுவிட்சைப் போட்டால் நம் அறையில் விளக்கு எரியாது, பக்கத்து அறைக்காரன் யாருடா அது என்பான்.

அதனால் லாட்ஜுக்கென்றே ஒரு பை வைத்திருக்கிறேன். சொந்தமாக ஒரு போர்வை, ஒரு மக், கொசுவத்திச் சுருள், துணி காயப்போட நைலான் கயிறு, ஒரு பூட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மரக்கட்டை. ஒரு பக்கம் சரிவாக இழைத்தது. உள்ளே இருந்து கதவுக்கடியில் செருகிவிட்டால், வெளியே எவன் மாற்றுச்சாவி போட்டாலும் கதவு நகராது. செய்துகொடுத்த ஆசாரி இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். இன்னும் கொஞ்சம் கனமாகச் செய்துகொடுத்தார்.

எனக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா என்னோடு இருக்கிறாள். லீவு கிடைக்கிற சனி ஞாயிறுகளில் எங்கேயாவது ஒரு குன்றைத் தேடிப் போய் ஏறிவிட்டு வருவேன். என்னைப் போன்ற கிறுக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், சில சமயம் சேர்ந்து போவோம், பல சமயம் நான் மட்டும். அம்மாவுக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஊர் ஊராக வரப்பில் நடந்தே கால் வளைந்துபோனவள் அவள். "நாங்க நடந்தது பத்தலன்னு நீ லீவு போட்டுக்கினு நடக்கிறியா" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

லாட்ஜையாவது பையை வைத்துச் சமாளித்துவிடலாம். பாதை கண்டுபிடிப்பதுதான் பெரிய வம்பு. நான் பிறந்த ஜில்லாவில் இருக்கிற சின்னச் சின்னக் குன்றுகளுக்குப் போனில் வரைபடம் கிடையாது. ஊரில் இறங்கி யாரையாவது கேட்டாக வேண்டும். கேட்டால் எதற்கு என்பார்கள். சும்மா ஏறிப் பார்க்க என்றால் நம்ப மாட்டார்கள். வேண்டுதலா என்பார்கள். குவாரிக்கு அளக்க வந்திருக்கிறாயா, பேப்பரில் எழுதப்போகிறாயா, அங்கே இடம் ஏதும் பார்க்கிறாயா என்பார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தால் கடைசியில் அந்தக் கேள்வி வரும். நீங்க எந்தப் பக்கம்? ஊரைக் கேட்பதுபோல இருக்கும். ஊரைச் சொன்னால் ஊரில் எங்கே என்பார்கள். அதைச் சொல்லிவிட்டால் போதும், மீதியை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். வழி சொல்வதா வேண்டாமா, தாகத்துக்குத் தண்ணீரைச் சொம்பில் தருவதா கையில் ஊற்றுவதா என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

நான் செய்யாற்றங்கரையில், பெருநகர் பக்கம், ஒரு காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் ஒரு குன்றில் ஏறுவதற்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் கோபம் வருகிறது.

உத்திரமேரூருக்கு வருகிற பஸ்ஸில் ஒரு திருப்பத்தில் ஜன்னலோரம் ஒரு குன்று தெரியும். ஏரிக்கு அப்பால், பனைமரங்களுக்கு மேலே, தனியாக உட்கார்ந்திருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தைக் குவாரிக்காரர்கள் கடித்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள், வருடா வருடம் மெலிந்துகொண்டே வருகிறது. என் முட்டியும் அதே வேகத்தில் தேய்ந்துகொண்டு வருகிறது. ஏறவேண்டியதை எல்லாம் இப்போதே ஏறிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டில் எது முதலில் போகும் என்று தெரியாததால் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

உத்திரமேரூரில் கிடைத்த லாட்ஜ் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. கீழே முகூர்த்தம், மேலே அறைகள். மேனேஜர் என் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட ஆம்பிளை யாரும் வரவில்லையா என்றார். இல்லை என்றேன். ஃபேமிலி என்றால் தரலாம், லேடீஸ் தனியாக என்றால் ஓனரைக் கேட்கவேண்டும் என்றார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, கேளுங்கள், எனக்கு அவசரமில்லை என்றேன். அரைமணி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வைத்தியம் எல்லா ஊரிலும் பலிக்கிறது. சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அறையைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஏசி இருந்தது, அதன் ரிமோட் கீழே ஆபீசில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மண்டபத்துச் சமையல்கட்டின் புகை, மூடினால் அந்துருண்டை நாற்றம். ஒலிபெருக்கி சரியாக என் கட்டிலுக்கு அடியில் கட்டியிருந்தார்கள் போல, கட்டில் தாளம் போட்டது. சரி, குளித்துவிட்டாவது உட்காரலாம் என்று தலைக்குச் சோப்பு போட்டேன். வாளி நிரம்புவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. மேனேஜருக்குப் போன் போட்டால் கீழே நாதஸ்வரம் கேட்கிறது, அவர் குரல் கேட்கவில்லை.

அலுவலகத்தில் நான் பேசுவது ஒரு தமிழ். கோபம் வந்தால் அது கழன்றுகொண்டு ஊர்த்தமிழ் வந்துவிடும். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, கண்ணில் சோப்புத் தண்ணீர் ஒழுக, பட்டுப்புடவைகளுக்கு நடுவே இறங்கிப் போய் ஆபீஸ் மேசையைத் தட்டினேன். "இன்னா லாட்ஜு நடத்திக்கினு கீறீங்க? தல பூரா சோப்பு. தண்ணி எங்க?" என்றேன். அதற்குமேல் பேசியதை இங்கே எழுத முடியாது. நாதஸ்வரக்காரர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் நடந்து வந்தார். அறுபது வயது இருக்கும். மண்டபமும் லாட்ஜும் அவருடையதுதான் என்று மேனேஜர் எழுந்து நின்ற வேகத்திலேயே தெரிந்தது. திட்டுவார் என்று நினைத்தேன், நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் மேனேஜரைத் திட்டி மோட்டாரைப் போடச் சொன்னார். பிறகு என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். பெருநகர் பக்கம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அதான பாத்தேன். பேச்சுலயே தெரியுதும்மா. இந்த மாரி அதட்டிக் கேக்கறது நம்ம ஜனத்துக்குத்தான் வரும்" என்றார்.

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சோப்பு எரிச்சல் மறந்துபோயிற்று. என் அம்மா இவரைப் போன்றவர்கள் முன்னால் நின்று பேசும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். குரல் அவளுடைய தொண்டைக்குள்ளேயே இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் நான் சத்தம் போடக் கற்றுக்கொண்டேன். தட்டெழுத்து கற்றுக்கொண்ட மாதிரி, விரல் விரலாக, பல வருடம் பழகிக் கற்றுக்கொண்டது. பஸ்ஸில், பேங்க்கில், ஆபீசில் என்று எத்தனையோ இடங்களில் அவமானப்பட்டு வாங்கிய குரல் அது. அதைக் கேட்டுவிட்டு இந்த மனிதர், பிறப்பிலேயே வந்தது, அதுவும் தன் பிறப்பில் வந்தது என்கிறார். காலனிக்காரி ஒருத்தி மேசையைத் தட்டுவாள் என்பது அவருடைய கற்பனையிலேயே இல்லை.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். தலையில் சோப்பு, குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, மேலே ஓடினேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று, கேட்காத கேள்விக்கு அவரே பதில் எழுதிக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு, எனக்கு அந்தக் குன்று வேண்டும். உண்மை அதுதான்.

குளித்துவிட்டு வந்ததும் மேனேஜர் என்னை வேறு அறைக்கு மாற்றிவிட்டார். மூலையில் இருந்த பெரிய அறை, சலவை செய்த விரிப்பு, கட்டில்மேலேயே ஏசி ரிமோட். நான் என்னுடைய போர்வையைத்தான் விரித்தேன். மரக்கட்டையையும் செருகினேன்.

மறுநாள் காலையில் அவரே வந்து கதவைத் தட்டினார். கையில் மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர். வீட்டில் என்னைப் பற்றிச் சொன்னாராம். பெண்பிள்ளை தனியாக வந்திருக்கிறாள், ஓட்டலில் என்ன கிடைக்கும் என்று அவர் மனைவி இட்லியும் நாட்டுக்கோழிக் குழம்பும் கொடுத்தனுப்பியிருந்தார். "நம்ம வூட்டு நாஷ்டா, சாப்டுங்க" என்றார். கேரியரின் மூடியில் அவருடைய பெயர், புள்ளி புள்ளியாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு வெட்டியிருந்தது. வாசனை அறை முழுவதும் பரவியது. எனக்கு நல்ல பசி.

குன்றுக்கு வழி கேட்டேன். இந்த ஒரு தடவைதான் யாரும் எதற்கு என்று என்னைக் கேட்கவில்லை. மெயின் ரோட்டில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவருடைய நிலம் இருக்கிறது, அதன் வழியாகவே நேராகப் போனால் மலையடிவாரம். கடைசியில் கம்பிவேலி, அதில் ஒரு கேட், அதற்குப் பூட்டு. மடியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். பூட்டு எதற்கு என்று நான்தான் கேட்டேன்.

"அந்தாண்ட காலனிம்மா. ரோட்டுக்கு வயி வயின்னு நம்ம நெலத்து மேலயே நடந்துக்கினு இருந்தாங்க. வேலி போட்டு பூட்டிட்டேன். ஏரிக்கரை மேல சுத்திக்கினு போவட்டும். நீங்க போங்க, நம்ம எடம்தான" என்றார். வரும்போது பூட்டிவிட்டு வந்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

சாவி கையில் இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

நிலம் நல்ல நிலம். நடவு முடிந்து பத்துப் பதினைந்து நாள் ஆன பயிர், வரப்பெல்லாம் ஒழுங்காகச் செதுக்கியிருந்தது. நடுவில் வரப்பைவிட அகலமான ஒரு மேட்டுப் பாதை, ஒரு காலத்தில் வண்டி போனதாக இருக்கவேண்டும், நேராக வேலிக்குப் போயிற்று. கேட்டைத் திறந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கம்பியோரமாக வந்துகொண்டிருந்தாள். நைட்டி, மேலே துண்டு. நாற்பது வயது இருக்கலாம். கேட் திறந்ததைப் பார்த்து நின்றாள். ரோட்டுக்குத்தானே, வாருங்கள், திறந்துதான் இருக்கிறது என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் ஷூவை, தொப்பியை, கையில் இருந்த கேரியரை. "நீங்க நாளைக்கி போயிடுவீங்க. நாங்க இங்கதான கீறோம்" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஏரிக்கரைப் பக்கம் திருப்பினாள். அவள் மேல் எனக்குக் கோபமாக வந்தது. அவளுக்கு என் மேல் வந்ததைவிட அது குறைவாகத்தான் இருந்திருக்கும். கேட்டைப் பூட்டிவிட்டு நடந்தேன்.

குன்றைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும், பிறகு ஏறப் போகிறவர்களுக்கு உதவும். மேலே போகும் பாதை என்று எதுவும் கிடையாது. ஆட்டுப் புழுக்கையைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். ஆடு முட்டாள்தனமான இடத்தில் கால் வைக்காது. புழுக்கை நின்றுவிட்டால் நாமும் நின்று, திரும்பி, மறுபடி புழுக்கை தெரிகிற இடத்துக்கு வரவேண்டும். சூரைமுள் சட்டையைப் பிடித்து இழுக்கும். பாறை ஒன்பது மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். என் முட்டி கெட்ட வார்த்தையெல்லாம் பேசியது, நானும் பேசினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே புழுக்கைகள் ஒரேயடியாக நின்றன. மேலே ஏறிப் பார்த்தால் அந்தப் பக்கம் மலையே இல்லை. நேராக வெட்டி இறக்கியிருந்தார்கள். கீழே பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம், லாரிகள், வெள்ளைத் தூசி. என் வாழ்நாளெல்லாம் பஸ்ஸிலிருந்து பார்த்த குன்று, பின்பக்கம் இல்லாத நாற்காலி போல இருந்தது.

திரும்பி உட்கார்ந்து ஊரைப் பார்த்தேன். ஏரி, பனைகள், தண்ணீர்த் தொட்டி, கோபுரம். காலனியின் வீடுகளிலிருந்து ஒரு வெளிறிய கோடு கிளம்பி வேலி வரைக்கும் வந்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் அதே கோடுதான் பயிருக்கு நடுவே மெயின் ரோடு வரைக்கும் போயிற்று. எத்தனை தலைமுறைக் கால்கள் நடந்து போட்ட கோடோ. மேலே இருந்து பார்த்தால் அது யாருடைய வழி என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. வேலிதான் துருத்திக்கொண்டு தெரிந்தது. கேரியரைத் திறந்து மிச்சமிருந்த இட்லியைத் தின்றேன். குழம்பு மிகவும் நன்றாக இருந்தது. அதற்காகவும் கோபம் வந்தது.

இறங்கும்போது தண்ணீர் தீர்ந்துவிட்டது. காலனியில் முதல் வீட்டில் கேட்டேன். வெளியே வந்தவள் காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அதே பெண். இப்போது புடவை கட்டி, தலை வாரி, கையில் சாப்பாட்டு டப்பாக்கள் வைத்த வயர்கூடையோடு எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்கும்போது அவள் பார்வை கேரியரில் இருந்தது.

"இது அவங்க வூட்டு கேரியராச்சே. நீங்க அவங்களுக்கு சொந்தமா?"

இல்லை என்றேன். பெருநகர் பக்கம் காலனி என்றேன். எந்த இடம், யார் வீடு என்று கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே சொல்வதற்கு நாக்கு தடுக்கவில்லை. அவளுடைய சித்தி ஒருத்தியை எங்கள் காலனியில்தான் கொடுத்திருக்கிறதாம். அதற்குப் பிறகாவது சிரிப்பாள் என்று பார்த்தால், சிரிக்கவில்லை.

"அப்ப இன்னாத்துக்கு சாவிய வாங்கினீங்க?" என்றாள்.

பதிலுக்கு நிற்க அவளுக்கு நேரம் இல்லை. மகளைப் பிரசவத்துக்கு உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், காலையிலிருந்து வலி. சமைத்து முடிக்க நேரமாகிவிட்டது. கரை மேல் சுற்றிப் போனால் பஸ் போய்விடும், அடுத்த பஸ் எப்போது வரும் என்று அதை ஓட்டுகிறவனுக்கே தெரியாது. இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டே வானத்திடம் சொன்னாள். நான் சாவியை எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சாவியைப் பார்த்தாள். பிறகு, "சரி வாங்க, பாத்துக்கலாம்" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

கேட்டைத் திறந்தேன். அவள் காலை வைத்து உள்ளே வந்தாள், தயங்கவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. பாதி நிலம் கடந்திருப்போம். பம்புசெட்டு நிழலில் வேட்டி தெரிந்தது. அவர்தான். கல்யாண வேலை முடிந்து நிலத்தைப் பார்க்க வந்திருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு முன்னால் வருகிறவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"யாரு உன்ன இந்த வயியா வரச் சொன்னது?" என்று அவளிடம் கேட்டார்.

நான்தான், என்னோடு வருகிறார் என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "உங்களுக்கு இவங்களப் பத்தி தெரியாதும்மா. ஒரு நாள் வுட்டா அதுவே பயக்கமாயிடும். நம்ம ஆளுங்க நாமளே இப்படி எடம் குடுத்தா எப்படி?"

"எனக்கு நல்லா தெரியும் சார். நானும் காலனிதான்" என்றேன்.

மண்டபத்தில் மேசையைத் தட்டிய குரல் இல்லை அது. சாதாரணமாகத்தான் சொன்னேன். பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். கேட்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கையில் இருந்த கேரியரைப் பார்த்தார், பிறகு பயிரைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு என்னிடம் சரக்கு இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னை எப்படியும் கூப்பிடவில்லை. அம்மா என்றும் இல்லை, நீ என்றும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் இப்படி நின்றுகொண்டிருந்த நேரத்தை அந்தப் பெண் வீணாக்கவில்லை. ஏற்கெனவே ரோட்டில் ஏறியிருந்தாள். பஸ் வந்தது, கையைக் காட்டினாள், ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

நான் லாட்ஜுக்கு வந்து சேர்வதற்குள் அவருடைய வண்டி வாசலில் நின்றது. மேனேஜர் படியிலேயே என்னை நிறுத்தி, அறை கல்யாண வீட்டுக்காரர்களுக்கு வேண்டியிருக்கிறது, உடனே காலி செய்யவேண்டும் என்றார். கல்யாண வீட்டுக்காரர்கள் காலையிலேயே வேன் ஏறிப் போய்விட்டார்கள், கீழே மண்டபத்தில் பந்தல்காரர்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சண்டை போடவில்லை. போர்வையை மடித்தேன், கயிற்றைச் சுருட்டினேன், மரக்கட்டையைப் பையில் போட்டேன். பிறகு பாத்ரூமில் உட்கார்ந்து அந்தக் கேரியரைக் கழுவினேன். அடுக்கு அடுக்காக, என்னுடைய சோப்பைப் போட்டு, ஒரு பருக்கை, ஒரு துளி எண்ணெய் இல்லாமல் தேய்த்தேன். என் சொந்தத் துண்டால் துடைத்தேன். இந்த லாட்ஜில் அவ்வளவு சுத்தமான பொருள் வேறு எதுவும் இல்லை.

அவர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கேரியரை வைத்தேன்.

"சாவி" என்றார்.

கொடுத்தேன். கையை நீட்டி, என் கையிலிருந்தே வாங்கி மடியில் செருகிக்கொண்டார். கேரியரைத் தொடவில்லை. அது மேசையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பளபளவென்று நின்றது. வீட்டம்மாவிடம் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள் என்றேன்.

"அது இருக்கட்டும். எடுத்துக்கினு போவலாம்" என்றார்.

"வூட்டுல தேட மாட்டாங்களா?"

"நெறய கீது."

அதே மேசையிலேயே தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. நான் போன பிறகு மேனேஜர் அதை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டு போய்க் குப்பையில் போடுவார். கழுவியது நான். குப்பைக்குப் போக நான் அதைக் கழுவவில்லை. எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமான கேள்வியை அன்றைக்கு அவள் கேட்கவில்லை. கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடுக்காகக் கழற்றிப் பார்த்தாள். இந்த மாதிரி வீடுகளில் அவள் கூலிக்கஞ்சி குடித்ததெல்லாம் வீட்டிலிருந்து கொண்டுபோன அலுமினியக் குண்டானில். அவர்கள் வீட்டுப் பாத்திரம் அவள் கைக்கு வந்ததே கிடையாது. "நல்ல கனம்" என்றாள். அடுக்குகளைத் திரும்ப மாட்டிக்கொண்டே, "கேரியர குடுத்துட்டு வயிய வச்சிக்கினான்" என்றாள். பிறகு எழுந்து அதைக் கொண்டுபோய் மற்ற பாத்திரங்களோடு அடுக்கிவிட்டு டிவி பார்க்கப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை அந்த ரோட்டில் பஸ்ஸில் போயிருக்கிறேன். பயிருக்கு நடுவே அந்த மேட்டுப் பாதையை உழுதுவிட்டார்கள். கேட் பூட்டித்தான் இருக்கிறது. கரை மேல் ஆட்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குப் பேரனா பேத்தியா என்று எனக்குத் தெரியாது. எங்கள் காலனியில் அவளுடைய சித்தியைத் தேடிப் போய்க் கேட்டிருக்கலாம். அவள் சாவியைப் பற்றிக் கேட்ட கேள்வியும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்பதால் போகவில்லை.

கேரியரை நான் சும்மா வைக்கவில்லை. எந்த மலைக்குப் போனாலும் லாட்ஜ் பையோடு அதுவும் வரும். பெயரை அழித்துக்கொடுக்கப் பாத்திரக்கடையில் ஆள் இருக்கிறார், அம்மாகூட ஒரு தடவை சொன்னாள். நான் அழிக்கவில்லை. உச்சியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரிக்கும்போது யாராவது ஒருவர் மூடியைத் திருப்பிப் பார்த்து, அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இது யார், உங்களுக்குச் சொந்தமா என்று கேட்பார்.

ஆமாம், நம்ம ஜனம் என்று சொல்வேன்.